வல்லைவெளிப் பாட்டும் பாடல் தெரிவு உபகுழுவும்

எங்கள் சங்கத்தின் முழுப்பெயர் பருத்தித்துறை வீதித் தனியார் சிற்றூர்திச் சேவை ஒழுங்கமைப்பு நலன்புரிச் சங்கம். அதைச் சொல்லி முடிக்கிற நேரத்தில் ஒருவர் பஸ்ஸில் ஏறி இடமும் பிடித்துவிடலாம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் சங்கத்திடம் ஏழு மினி பஸ்களும் பதினொரு உபகுழுக்களும் இருந்தன. பஸ்களில் இரண்டு ஓடாது. உபகுழுக்கள் பதினொன்றும் ஓடின. நான் நெல்லியடிக் கந்தோரில், அதுதான் சங்க அலுவலகத்தில், கூட்டக்குறிப்பு எழுதுகிறவன். சபையில் வாய் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் இங்கே திறக்கிறேன்.

பஞ்சலிங்கம் எங்கள் சாரதிகளில் ஒருவர். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவருடைய பஸ் நாளுக்கு ஒருமுறை போய் ஒருமுறை வரும். அதற்கு ஹோர்ன் இல்லை. பழுதாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, மாற்ற உதிரிப்பாகம் தீவகற்பத்திலேயே கிடையாது. அந்த மனுசன் என்ன செய்தார் என்றால், கோயில் திருவிழாவுக்கு லவுட் ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம் ஒரு பழைய குழலை வாங்கி, பஸ்ஸின் நெற்றியில் கட்டி, உள்ளே இருந்த கசெற் றேடியோவை அதனோடு தொடுத்துவிட்டார். கசெற் ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கத்தை மெசின் தின்றுவிட்டது. மற்றப் பக்கத்தில் ஒன்பது பாட்டு. அந்த ஒன்பதும் போகிற வழியெல்லாம் திரும்பத் திரும்பப் பாடும்.

உங்களுக்கு அது கேட்கச் சகிக்காது. ஆனால் அந்த நாளில் அது இல்லாவிட்டால் சனத்துக்குப் பஸ் இல்லை. யுத்தமும் தடையுமாய்ப் பெற்றோல் கண்ணால் காண முடியாத காலம், பஸ் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சினை ஒருமுறை நிற்பாட்டினால் திரும்பக் கிளப்ப ஒரு மூடி பெற்றோலும் தள்ளுவதற்குப் பத்துப் பேரும் வேண்டும். ஆகையால் எந்தச் சாரதியும் எங்கேயும் காத்து நிற்கமாட்டார். நேர அட்டவணை என்று ஒன்று கந்தோர்ச் சுவரில் தொங்கியது, அழகான கையெழுத்து, என்னுடையதுதான். ஆறரை மணிப் பஸ் எண்ணெய் கிடைத்தால் ஆறரைக்கு வரும், கிடைக்காவிட்டால் ஒன்பதுக்கு வரும். பாட்டு தூரத்தில் கேட்டதும் சனம் சந்து ஒழுங்கைகளால் ஓடிவந்து வீதியில் நிற்கும். அவ்வளவுதான் ஏற்பாடு, அது பிசகியதே இல்லை.

அந்தப் பாட்டை எல்லாரையும்விட நம்பியிருந்தவர் ஆழ்வாப்பிள்ளை. வல்லைவெளி முடிந்து ஆவரங்கால் தொடங்குகிற இடத்தில், ஒரு நீண்ட ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. வெங்காயத் தோட்டக்காரர். முந்தின வருடம் தோட்டத்தில் ஷெல் விழுந்து வலது கால் முழங்காலோடு போயிற்று. யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்கிற இடத்தில் பதிந்து, எட்டு மாதம் காத்திருந்து, அவருடைய முறை வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் போய் அளவு கொடுக்கவேண்டும், நடை பழகவேண்டும். மூன்று செவ்வாய் தொடர்ந்து போகாவிட்டால் பெயரை வெட்டி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். வெட்டின பெயர் திரும்ப மேலே வர ஒன்றரை வருடம். காத்திருக்கிறவர்கள் அத்தனை பேர்.

ஊன்றுகோலில் அவர் வீட்டிலிருந்து வீதிக்கு வரப் பன்னிரண்டு நிமிடம். பஸ் வல்லைப் பாலத்தைத் தாண்டியதும் பாட்டு வெட்டவெளியால் காற்றோடு வந்துவிடும். அவர் கேட்டவுடன் வெளிக்கிட்டால் பஸ்ஸும் அவரும் ஒரே நேரத்துக்கு ஒழுங்கை முகப்புக்கு வருவார்கள். மற்றப் பஸ்கள் அங்கே வருவதற்கு முன்னமே நிரம்பியிருக்கும். ஊன்றுகோலோடு ஒருவர் நிற்பதைக் கண்டால் வேகம் கூட்டுகிற சாரதிகளும் எங்களிடம் இருந்தார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது தலைவருக்கு வருவோம். தலைவர் நமசிவாயம் அவர்கள் இளைப்பாறிய பிரதம லிகிதர். பஞ்சலிங்கத்தின் பஸ்ஸில் முன் ஆசனம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது, பயணம் இலவசம். ஒருநாள் அவர் பக்கத்தில் இருந்தவருக்குத் தன் சேவைக்காலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார். நெல்லியடியில் தொடங்கியது கோப்பாய் வரை போயிற்று. இறங்கும்போது பக்கத்தில் இருந்தவர், “ஐயா, பாட்டுச் சத்தத்திலை ஒண்டும் விளங்கேல்லை, என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டுவிட்டார். பாட்டுப் பிரச்சினை எங்கள் சங்கத்தில் பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்தார்.

“நான் பாட்டுக்கு எதிரியில்லை. என்ரை கலியாண வீட்டிலையே பாட்டுப் போட்டது. ஆனால் பாட்டு எண்டு ஒண்டு ஓடுதெண்டால் அதுக்கு ஒரு கோவை, ஒரு பைல் இருக்கவேணும். உந்தப் பாட்டுக்குக் கோவை எங்கை? ஆர் அனுமதிச்சது, எத்தினையாம் திகதி, என்ன இலக்கம்? நான் முப்பத்தாறு வருசம் கந்தோரிலை இருந்தனான். கோவையில்லாமல் ஒரு யன்னல்கூடத் திறந்ததில்லை.”

சபை கைதட்டியது. பாடல் தெரிவு உபகுழு என்று பன்னிரண்டாவது உபகுழு பிறந்தது. அதன் அனுமதி இல்லாமல் எந்தப் பஸ்ஸும் பாட்டு ஒலிபரப்பக் கூடாது, மீறினால் ஒரு மாதம் பஸ் நிறுத்தப்படும் என்று தீர்மானம். இன்னொரு தீர்மானமும் போனது. தரிப்பிடங்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டையும் நானே எழுதினேன்.

பஞ்சலிங்கம் கந்தோருக்கு வந்தார். கையில் தொப்பியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

“ஐயா, எனக்குப் பாட்டுக் கேக்கிற ஆசையில்லை. ஒரே ஒன்பது பாட்டைக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு. என்ரை பஸ்ஸுக்கு ஹோர்ன் இல்லை, அதுதான் போடுறன். ஆவரங்காலிலை ஒரு கால் இல்லாத மனுசன் செவ்வாய்க்குச் செவ்வாய் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வெளிக்கிடுது.”

“ஹோர்ன் வேறை விசயம்,” என்றார் தலைவர். “அது ஒலி எழுப்பும் கருவிகள் உபகுழுவுக்குரியது. அதின்ரை செயலாளர் போன வருசம் கனடாவுக்குப் போட்டார்.”

“அப்ப இப்ப ஆர் ஐயா செயலாளர்?”

“அவர்தான். இராசினாமாக் கடிதம் தரேல்லையே.”

பஞ்சலிங்கம் என்னைப் பார்த்தார். நான் மையைப் பார்த்தேன். பாட்டுக்கு அனுமதி வேண்டுமென்றால் ஒன்பது பாட்டின் வரிகளையும் மும்மூன்று பிரதி எழுதித் தரவேண்டும் என்று சொல்லப்பட்டது.

அந்த வாரச் செவ்வாய் பஸ் பாட்டில்லாமல் ஓடியது. ஆழ்வாப்பிள்ளையின் மனைவி அருமைநாயகி வீதியில் நின்று பார்த்திருந்தாள். பஸ் வளைவில் தெரிந்ததும் ஒழுங்கையால் ஓடிப்போய், “இஞ்சேருங்கோ, வருது” என்றிருக்கிறாள். அவர் அரைவாசித் தூரம் வருவதற்குள் பஸ் புத்தூரில் நின்றது. அது முதல் செவ்வாய்.

பஞ்சலிங்கம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கடதாசி இல்லாத காலம். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் இரவிரவாக விளக்கோடு இருந்து எழுதிக் கொண்டுவந்தார், இருபத்தேழு தாள். உபகுழு அவற்றை இரண்டு மணித்தியாலம் ஒப்பிட்டுப் பார்த்தது. நாலாவது பாட்டின் தொடக்கத்தில் பாடகர் இழுக்கிற இடத்தில் முதல் பிரதியில் ஏழு ‘ஆ’ இருந்தது. இரண்டாம் பிரதியில் ஐந்து. மூன்றாம் பிரதியில் ஒன்பது.

“இதிலை எது சரி?” என்று தலைவர் கேட்டார்.

“இழுக்கிறவர் இழுக்கிறார் ஐயா. எத்தினை எண்டு ஆர் எண்ணினது?”

“எண்ணாமல் எப்படி ஒலிபரப்பினீர்?”

கடைசியில் பாட்டை நேரே கேட்டு முடிவெடுப்பது என்று உபகுழு இறங்கிவந்தது. அடுத்த இடைஞ்சல் அங்கே வந்தது. மின்சாரம் போய் இரண்டு வருடம். கந்தோரில் றேடியோ இருந்தது, பற்றறி இல்லை. பஸ் வாசலில் நிற்கிறது, கசெற் அதற்குள் இருக்கிறது, வாருங்கள் போட்டுக் காட்டுகிறேன் என்றார் பஞ்சலிங்கம். தலைவர் சிரித்தார். விசயம் தெரியாதவனைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கிற அந்தச் சிரிப்பு.

“அனுமதி இல்லாத பாட்டைப் பஸ்ஸிலை போட்டால் அது குற்றம். குற்றம் நடக்கிறதை உபகுழு இருந்து கேட்டுக்கொண்டிருக்கலாமோ?”

“அப்ப என்ன ஐயா செய்யிறது?”

“நீரே பாடிக் காட்டும்.”

நான் எழுதுவதை நிறுத்தினேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று திகதியும் குறித்தார்கள். செவ்வாய் வேண்டாம் ஐயா என்று பஞ்சலிங்கம் கெஞ்சினார். பாட்டுக் கேட்கும் அமர்வு செவ்வாயில்தான், அது சங்க யாப்பில், அதாவது விதிப்புத்தகத்தில், இருக்கிறது என்றார்கள். யாப்பை எழுதியதும் அவர்கள்தான்.

அந்தச் செவ்வாய், போன கிழமை மாதிரித் தவறக் கூடாது என்று அருமைநாயகி விடியவே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கை முகப்பில் வைத்து, புருசனை இருத்திவிட்டாள். அவர் ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை வெய்யிலில் இருந்தார். பஸ் வரவில்லை. பஸ் எங்கள் கந்தோர் வாசலில் நின்றது. பஸ்ஸின் சாரதி உள்ளே பாடிக்கொண்டு நின்றார்.

உபகுழுவில் இளைப்பாறிய சங்கீத ஆசிரியை கனகாம்பிகை அவர்களையும் சேர்த்திருந்தார்கள். அவர் நல்லவர், ஆனால் தொழிலில் விட்டுக்கொடுக்காதவர். சுருதிப்பெட்டியோடு வந்திருந்தார். “எந்தக் கட்டை சுருதி, தம்பி?” என்று கேட்டார். “கட்டையோ அக்கா? அது பஸ்ஸுக்குக் கீழை சில்லுக்கு வைக்கிறனாங்கள்” என்றார் பஞ்சலிங்கம். பிறகு ஒன்பது பாட்டையும் பாடினார். இருபது வருடம் மண்ணெண்ணெய்ப் புகையும் டீசல் புகையும் குடித்த தொண்டை. பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கினார், இருமினார், வரி மறந்து நின்றார், தாளத்துக்குக் கிளச் மிதிப்பதுபோல இடதுகாலை மிதித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஐம்பது வயது மனுசனை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று.

நூற்றுக்குப் பதினொரு புள்ளி. பாடல்கள் நிராகரிக்கப்பட்டன.

“பாட்டுப் பிழையில்லையே ஐயா, நான்தானே பிழை” என்றார் பஞ்சலிங்கம்.

“பாட்டு உம்மாலைதானே எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கேட்டதை வைச்சுத்தான் தீர்ப்பு.”

நியாயம் வழங்கவேண்டும் என்பதற்காக அதே ஒன்பது பாட்டையும் இன்னொரு சாரதி செல்வநாயகத்தைக் கொண்டு பாடுவித்தார்கள். செல்வநாயகம் கோயிலில் தேவாரம் படிக்கிறவர், நல்ல குரல். எழுபத்துநாலு புள்ளி. அவருடைய பஸ்ஸுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்டது. அவருடைய பஸ்ஸில் றேடியோ இல்லை. அந்தப் பஸ் ஓடாத இரண்டில் ஒன்று. அது செல்வநாயகம் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, அதற்குள் கோழி அடைகிறது. அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்பது விதி, ஒட்டினார்கள்.

இரண்டாவது செவ்வாயும் போயிற்று. வெய்யிலில் இருந்ததில் ஆழ்வாப்பிள்ளையின் கால் தழும்பு வீங்கிக் கொப்பளம் போட்டுவிட்டது. இனி வீதியில் காவலிருக்க விடமாட்டேன் என்று அருமைநாயகி சொல்லிவிட்டாள். பஞ்சலிங்கம் அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்கே போனார்.

“தம்பி, நீ வீட்டிலை இரு. வாற செவ்வாய் பாட்டு வரும். எப்பிடியும் வரும், நான் பொறுப்பு. கேட்ட உடனை வெளிக்கிடு.”

“அனுமதி கிடைச்சிட்டுதோ பஞ்சண்ணை?”

“கிடைக்கும். இல்லாட்டிலும் வரும்.”

தலைவர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். மூன்றாவது செவ்வாய் அந்தப் பஸ்ஸில் ஒரு கண்காணிப்பாளர் போகவேண்டும் என்று உத்தரவு. கண்காணிப்பாளர் நான். கசெற்றைக் கழற்றி என் பையில் வைக்கவேண்டும், தரிப்பிடங்களில் மணிக்கூட்டைப் பிடித்து நிமிடம் குறிக்கவேண்டும். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. வீட்டில் நாலு பேர் சாப்பிடவேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று பஸ் எட்டேகாலுக்கு வல்லைப் பாலத்தைத் தாண்டியது. பஞ்சலிங்கம் பக்கக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். முதல் பாட்டைத் தொடங்கினார். றேடியோ இல்லை, குழல் இல்லை, வெறும் தொண்டை. பாட்டுப் போடுவதற்குத்தான் தடை, சாரதி பாடுவதற்குத் தடை இல்லை. நான் தீர்மானத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன், உண்மையில் இல்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

பின் ஆசனங்களில் பருத்தித்துறை மீன்காரிகள் ஏழெட்டுப் பேர் பனையோலைக் கடகப் பெட்டிகளோடு இருந்தார்கள். அவர்களில் யோசப்பின் என்கிறவள் பெரிய வாய்க்காரி.

“என்ன பஞ்சண்ணை, விசரே? ஏன் கத்துறியள்?”

“ஆவரங்காலிலை ஆழ்வாப்பிள்ளைக்குக் கேக்கவேணும். இண்டைக்குத் தவறினால் அவன்ரை கால் போச்சு.”

அந்தப் பாட்டுகள் யோசப்பினுக்கும் மனப்பாடம், தினமும் கேட்கிறவள். “பாடுங்கோடி” என்றாள். எட்டுப் பெண்கள் யன்னலால் தலையை நீட்டிப் பாடத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் தன் சுருதியில், ஒருத்தி முந்தி ஒருத்தி பிந்தி, காற்றுக்கு எதிரே குரல் உடைந்து உடைந்து. பஞ்சலிங்கம் நடுவில் அழுவதுபோல இழுத்தார். அவர் உண்மையிலேயே அழுதாரோ தெரியாது. கண்ணில் புகை என்று பிறகு சொன்னார்.

ஒழுங்கை முகப்பில் பஸ் நின்றது. ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. பாட்டு இன்னும் உரக்கப் போயிற்று. மணிக்கூட்டில் ஒரு நிமிடம் முடிந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். எஞ்சின் இருமத் தொடங்கியது. உள்ளே சனம் முணுமுணுத்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நாலாவது நிமிடம் பஞ்சலிங்கம் கியரைப் போட்டார். நான் ‘ஒரு நிமிடம்’ என்று எழுதினேன். என் வீரம் அவ்வளவுதான்.

பின்னேரம் திரும்பி வருகையில் அருமைநாயகி ஒழுங்கை முகப்பில் கையைக் காட்டி மறித்தாள்.

“பஞ்சண்ணை, பாட்டு வரும் எண்டு சொன்னியள், கடைசிவரை வரேல்லையே.”

பஞ்சலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“ஒண்டும் கேக்கேல்லையோ பிள்ளை? எட்டரை மணிபோலை?”

“எட்டரைக்கு ஒப்பாரிதான் கேட்டுது. பொம்பிளையள் கும்பலாக் குழறிக்கொண்டு போச்சினம். இவர் வெளிக்கிட்டு நிண்டவர். நல்ல காரியத்துக்குப் போகேக்கை செத்தவீட்டு அழுகை கேட்டால் உடனை படி இறங்கக் கூடாதெண்டு, செம்பிலை தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தவர். பிறகு பாட்டு வருமெண்டு மத்தியானம் வரையும் இருந்தவர்.” அவள் நிறுத்தி, கவலையோடு கேட்டாள். “ஆர் அண்ணை செத்தது? எங்கடை பக்கத்து ஆக்களோ?”

யோசப்பின் கடகத்தைக் காலால் தள்ளிவிட்டு வெளியே பார்த்தாள்.

“ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை,” என்றார் பஞ்சலிங்கம். “நாங்கள்தான் பாடினது.”

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு ஒழுங்கைக்குள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை ஆழ்வாப்பிள்ளையின் பெயர் வெட்டப்பட்டதாக அறிவித்தல் வந்தது.

பொதுக்கூட்டம் மாதக் கடைசியில். பஞ்சலிங்கம் ஆழ்வாப்பிள்ளையைத் தன் பஸ்ஸிலேயே கூட்டிவந்து முன்வரிசை வாங்கில் இருத்தினார். மனுசன் வெள்ளை வேட்டி கட்டி, ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைபோல அடக்கமாக இருந்தார். நடந்ததைப் பஞ்சலிங்கம் சபையில் சொன்னார்.

சபை சற்று ஆடிப்போனது உண்மை. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“இது மிகவும் வேதனையான விசயம். ஆனால் சபையோர் ஒண்டை விளங்கிக்கொள்ளவேணும். சங்கத்தின்ரை எந்த நடவடிக்கையிலும் ஒரு பிழையும் நடக்கேல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் இலக்கம் இருக்கு. ஒவ்வொரு முடிவுக்கும் குறிப்பு இருக்கு. ஒழுங்கு முழுக்கச் சரியாய் நடந்திருக்கு, அந்த வகையிலை நாங்கள் பெருமைப்படலாம். கால்தான் கிடைக்கேல்லை.”

பின்வரிசை வாங்கில் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள்.

பிறகு தலைவர் பெருந்தன்மையாக ஒன்று செய்தார். பஞ்சலிங்கத்தின் பஸ்ஸில் ஒன்பது பாட்டையும் ஒலிபரப்ப விசேட அனுமதி, உபகுழுவுக்குப் போகாமல், ஏகமனதாக. முன்மொழிந்தவர் அவரே. ஒரு மாதத்துக்கு முன் கை உயர்த்த எடுத்த அதே அரை நிமிடம்தான் இப்போதும் எடுத்தது. ஆழ்வாப்பிள்ளை எல்லாக் கைகளையும் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு விசயம்,” என்றார் தலைவர். அவருடைய குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, அதுதான் கொடுமை, மனுசனுக்கு உண்மையிலேயே கவலை. “எங்கடை அன்புக்குரிய பயணி ஆழ்வாப்பிள்ளை அவர்களுக்கு ஏற்பட்ட இழப்புக்காகச் சபை இரண்டு நிமிடம் மௌனம் அனுட்டிக்கும். எல்லாரும் தயவுசெய்து எழும்பி நில்லுங்கோ.”

கதிரைகள் கிரீச்சிட்டன. எழுபது பேர் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். நானும் பேனையை வைத்துவிட்டு எழுந்தேன். முன்வரிசை வாங்கில் ஒருவர் மட்டும் இருந்தார்.

தலைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். குனிந்து, மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்.

“தம்பி, நீங்களும் ஒருக்கா எழும்பி நிண்டால் நல்லது. சபை மரியாதை.”

ஆழ்வாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நிக்கிறதுக்குத்தானே ஐயா நான் ஒரு மாசமாய் உங்களிட்டைக் கேட்டனான்.”

பஞ்சலிங்கம் முகத்தைக் கையால் மூடினார். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார், இரண்டு நிமிடம் முடியும்வரை காத்திருந்தார், பிறகு எல்லாரையும் இருக்கச் சொன்னார். கூட்டம் நன்றியுரையோடு முடிந்தது.

சனம் கலைந்த பிறகு அவர் என் மேசைக்கு வந்து குறிப்பை எடுத்து வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“ஒருவர் தவிர எண்டு எழுதியிருக்கிறீர். அது வேண்டாம். அனைவரும் எழுந்து நின்றனர் எண்டு போடும்.”

போட்டேன்.